குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வலி: முதுகில் எபிடூரலா, வயிற்றுச் சுவரில் பிளாக்கா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தந்தைக்கு வயது 64, எடை 52 கிலோ. வலப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய். நடுவயிற்றைக் கீறித் திறந்து அறுவை செய்யவிருக்கிறார்கள். நெடுநாள் பீடி பிடித்தவர். தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார். அறுவைக்குப் பிந்தைய வலிக்கு முதுகில் எபிடூரல் குழாய், அதாவது தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மருந்து செலுத்தும் மெல்லிய குழாய், வைக்கலாம் என்கிறார் ஒரு மயக்கவியல் மருத்துவர். வயிற்றுச் சுவரில் பிளாக், அதாவது அங்குள்ள நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி, போட்டாலே போதும் என்கிறார் இன்னொருவர். இவற்றில் எது நல்லது, முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி இருந்துகொண்டே இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு மருத்துவர்களில் எவரும் தவறாகச் சொல்லிவிடவில்லை. "வயிற்று வலி" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவது உண்மையில் இரண்டு வலிகள். ஒன்று, கீறிய சுவரின் வலி. தோல், தசை, அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் வயிற்றறை உறை ஆகியவற்றிலிருந்து மார்புத் தண்டுவடத்தின் 6 அல்லது 7-ஆம் நரம்பு தொடங்கி 12 வரையிலும், இடுப்பின் முதல் நரம்பு வழியாகவும் அது மேலே செல்கிறது. இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் கத்தியால் குத்துவதுபோல் வருவது அதுதான். மற்றொன்று, குடலையும் அதன் மடிப்புகளையும் இழுத்து, வெட்டி, தைத்ததால் வரும் உள்ளுறுப்பு வலி. இது இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத, ஆழமான, குமட்டலோடு சேர்ந்த வலி. பரிவு நரம்புகளின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் போகிறது. வயிற்றுச் சுவரில் போடும் பிளாக் எதுவானாலும் முதல் வலியைத்தான் மரத்துப்போகச் செய்யும். எபிடூரல் முதல் வலியை முழுதாகவும் இரண்டாவதைப் பெருமளவிலும் அடக்கும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவையே.

எபிடூரல் எப்படி வைக்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பொது மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, விழித்திருக்கும்போதே, நோயாளியை உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொல்வோம். தொப்புளுக்கு மேலும் கீழும் செல்லும் கீறலுக்கு மார்பு முள்ளெலும்புகளில் 8-க்கும் 10-க்கும் இடைப்பட்ட ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, தோலை மரக்கவைத்துவிட்டு, உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சின் பிஸ்டனை விரலால் அழுத்தியபடியே ஊசியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துவோம். தசைநாரில் இருக்கும்வரை பிஸ்டன் நகராது. எபிடூரல் இடைவெளிக்குள் ஊசி முனை நுழைந்த கணத்தில், அதுவரை எதிர்த்து நின்றது சட்டென்று விட்டுக்கொடுக்கும். அந்த வழியாக நூல்போன்ற கதீட்டரைச் செலுத்தி முதுகில் ஒட்டிவிடுகிறோம். பிறகு இரண்டு மூன்று நாள்களுக்கு மரக்கவைக்கும் மருந்தான புபிவகெய்ன் 0.1 சதவீதமும், மார்ஃபின் வகை மருந்தான ஃபென்டனில் ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராமும் கலந்த மருந்து, மணிக்கு 5 முதல் 10 மில்லி வீதம் பம்ப் மூலம் போய்க்கொண்டிருக்கும்.

நன்றாக வேலை செய்யும் எபிடூரலுக்கு ஈடான வலி நிவாரணம் திறந்த வயிற்று அறுவையில் இன்றுவரை வேறொன்று இல்லை என்பது என் கருத்து. இரண்டாம் நாள் காலையில் நோயாளியிடம் "ஒருமுறை நன்றாக இருமுங்கள்" என்று சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மார்ஃபினை மட்டும் நம்பியிருப்பவர் அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லை என்பார். இருமச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்டையோடு செருமி நிறுத்திவிடுவார். எபிடூரல் உள்ளவர் நெஞ்சிலிருந்து இருமுவார். பீடி பிடித்த நுரையீரலுக்கு அந்த ஒரு இருமலின் மதிப்பு மிகப் பெரிது. 2002-இல் லான்செட் இதழில் வந்த மாஸ்டர் ஆய்வில், உடல்நிலையால் அபாயம் கூடிய நோயாளிகள் 915 பேரைப் பெரிய வயிற்று அறுவைகளின்போது இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். எபிடூரல் இறப்பைக் குறைக்கவில்லை. ஆனால் மூச்சுத் திணறிச் செயலிழக்கும் நிலை 30 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது. மரக்க வைக்கும் மருந்து கலந்த எபிடூரல், மார்ஃபின் வகை மருந்துகளோடு ஒப்பிடும்போது, குடல் மீண்டும் இயங்கத் தொடங்குவதை ஏறத்தாழ 17 மணி நேரம் முன்கூட்டுகிறது என்று 2016-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு கணக்கிட்டது.

இனி அதன் மறுபக்கம். எபிடூரலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வேலை செய்யும் எபிடூரலைப் பற்றியே பேசுகிறோம். வார்டில் நடப்பது வேறு. கதீட்டர் நழுவும், ஒரு பக்கம் மட்டும் மரக்கும், கீறலின் மேல்முனை விட்டுப்போகும், இரவில் ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியதும் பம்பை நிறுத்திவிட்டு மறுபடி போட மறந்துவிடுவார்கள். போதுமான பலன் தராமல் போகும் எபிடூரல்கள் மூன்றில் ஒன்றுவரை என்று பெரிய தொகுப்புகளே பதிவு செய்திருக்கின்றன. கூடவே ரத்த அழுத்தம் குறைவது, சிறுநீர்க் குழாயை அதிக நாள் வைத்திருக்க நேர்வது, கால்கள் சற்றுக் கனப்பது, அதனால் எழுந்து நடப்பது தள்ளிப்போவது ஆகியனவும் உண்டு. அழுத்தம் குறைந்ததென்று திரவத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் குடல் வீங்கும். குடல் தையல் ஆறவேண்டிய நேரத்தில் அது நல்லதல்ல.

எல்லோரும் அஞ்சுவது நரம்புச் சேதத்தை. பிரிட்டனில் ஓராண்டில் போடப்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான தேசியத் தணிக்கையின் கணக்குப்படி நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு 2 முதல் 4 பேர். ஆனால் அந்தச் சராசரியில் பிரசவத்துக்குப் போடப்படும் ஊசிகளும் அடங்கும். அவை மிகவும் பத்திரமானவை. அறுவைக்காக வைக்கப்படும் எபிடூரல்களை மட்டும் பிரித்தெடுத்தால் எண்ணிக்கை லட்சத்துக்கு 8 முதல் 17 என்று உயர்கிறது. அரிதுதான், ஆனால் சுழியம் அல்ல. இந்த அபாயத்தின் பெரும்பகுதி எபிடூரல் இடைவெளிக்குள் ரத்தம் கட்டுவதாலும் சீழ் பிடிப்பதாலும் வருவது. புற்றுநோயாளிகளுக்கு இது ஒரு முடிச்சு: அவர்கள் ரத்தம் எளிதில் உறையக்கூடியவர்கள், ஆகவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சபரின் போன்ற ஊசியை அறுவைக்குப் பிறகு நான்கு வாரம்வரைகூடப் போடுகிறோம், அதே ஊசி எபிடூரலுக்குப் பகை.

இந்த முடிச்சை அவிழ்ப்பது நேரக் கணக்கு. தடுப்பு அளவில் போடும் எனாக்சபரினுக்கும் எபிடூரல் வைப்பதற்கும் இடையே குறைந்தது 12 மணி நேரம் வேண்டும். கதீட்டரை எடுப்பதும் வைப்பதற்கு நிகரான அபாயமே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடுக்கவும் அதே 12 மணி, எடுத்த பிறகு அடுத்த ஊசிக்குக் குறைந்தது 4 மணி. ஊசியை இரவு 8 மணிக்கு என்று வைத்துக்கொண்டால் மறுநாள் காலை 9 மணிக்குக் கதீட்டரை எடுத்துவிட்டு, வழக்கம்போல் அன்றிரவு 8 மணிக்கு அடுத்த ஊசியைப் போடலாம். 0.1 சதவீத மருந்தில் காலைத் தூக்க முடியவேண்டும். கால் வலுவிழந்துகொண்டே போனால் அதை மருந்தின் விளைவென்று தள்ளிவிடாமல், பம்பை நிறுத்திக் கவனித்து, வலு திரும்பாவிட்டால் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், ரத்தக்கட்டாக இருந்தால் எட்டு மணி நேரத்துக்குள் அதை அகற்றினால்தான் கால் திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

வயிற்றுச் சுவர் பிளாக்குகளில் அதிகம் போடப்படுவது டேப் (TAP) பிளாக், அதாவது வயிற்றின் குறுக்குத் தசையை ஒட்டிய தளத்தில் போடும் ஊசி. 2001-இல் ரஃபி என்ற மருத்துவர் இடுப்பின் பக்கவாட்டிலுள்ள ஒரு சிறு முக்கோணத்தின் வழியாக, கைத்தொடு உணர்வை மட்டும் நம்பி இதைப் போடும் முறையை எழுதினார். அல்ட்ராசவுண்ட் வந்தபின் அது எங்கும் பரவியது. திரையில் வயிற்றின் பக்கச் சுவர் மூன்று பட்டைகளாகத் தெரியும்: வெளிச்சாய் தசை, உட்சாய் தசை, குறுக்குத் தசை. நரம்புகள் ஓடுவது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே. ஊசி அந்த இடத்தை அடைந்து மருந்து போகும்போது, ஒட்டிக்கிடந்த இரண்டு பட்டைகளும் பிரிந்து நடுவில் கறுப்பாக ஒரு கண் திறப்பதுபோல் விரியும். அந்தக் கண் திறக்காமல் தசைக்குள்ளேயே மருந்து புகைபோலப் பரவினால் பிளாக் வேலை செய்யாது. ஊசியை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும்.

இதில் ஒரு குறிப்பை அழுத்திச் சொல்லவேண்டும். வழக்கமாக இடுப்புப் பக்கத்தில் போடும் டேப் பிளாக், தொப்புளிலிருந்து கீழே உள்ள பகுதியைத்தான் நம்பகமாக மரக்கவைக்கும். தொப்புளுக்கு மேலும் கீறல் ஏறினால் விலா எலும்பு விளிம்பை ஒட்டி இன்னொரு ஊசி வேண்டும், அல்லது ரெக்டஸ் ஷீத் பிளாக் வேண்டும். இது 1899-இலேயே ஷ்லைக் விவரித்த பழைய முறை: நடுக்கோட்டின் இருபுறமும் நெடுக ஓடும் தசையின் பின்னுறைக்கு முன்னால் மருந்தை வைப்பது. நடுக்கீறலுக்கு இது பொருத்தமானது. அறுவை மருத்துவரே வயிற்றை மூடும் முன் நேரில் பார்த்துக் கதீட்டரை வைத்துவிடவும் முடியும். "பிளாக் போட்டாயிற்று" என்று குறிப்பில் எழுதியிருக்க, கீறலின் மேற்பாதியில் நோயாளி துடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கீறலைப் பார்க்காமல் பழக்கத்தின்படி பிளாக்கைத் தேர்ந்தெடுத்ததுதான்.

இரண்டாவது குறிப்பு மருந்தின் அளவு. உங்கள் தந்தையின் எடையையே எடுத்துக்கொள்வோம். புபிவகெய்னுக்குப் பெரும்பாலோர் கொள்ளும் வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம். 52 கிலோவுக்கு 104 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் பக்கத்துக்கு 20 மில்லி என்று இரண்டு பக்கமும் போட்டால் 100 மில்லிகிராம் ஆகிவிட்டது. கணக்கு அங்கேயே முடிந்தது. மேல்வயிற்றுக்கு இன்னும் இரண்டு ஊசி போட மிச்சமில்லை. நான்கு இடங்களில் 15 மில்லி வீதம் போடவேண்டுமென்றால் மருந்தை நீர்க்கவைக்கவேண்டும், அல்லது கிலோவுக்கு 3 மில்லிகிராம்வரை போகக்கூடிய ரோபிவகெய்னை 0.2 சதவீதத்தில் எடுத்துக்கொள்ளவேண்டும். 60 மில்லிக்கு 120 மில்லிகிராம், வரம்பான 156-க்கு உள்ளே. வரம்பைத் தாண்டினால் வாயைச் சுற்றி மரத்தல், காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் குழப்பம் என்று நச்சுத்தன்மை ஏறும். பொது மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் இரண்டு அறிகுறிகளும் வெளியே தெரியாது என்பதால் நேராக இதயத்தில்தான் தெரியவரும். இந்த நச்சுக்கு மாற்றான 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாத அறையில் இவ்வளவு மருந்து போடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

ஒருமுறை போட்ட டேப் பிளாக் பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் நிற்கும். சிலருக்கு இன்னும் சற்று நீளும். எபிடூரலோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, அசையாமல் இருக்கையில் உள்ள வலியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. பிளாக் போட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவது நன்கு குறைவு. ஆனால் அந்த ஆய்வுகளில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைகளும் கலந்திருக்கின்றன. பல சோதனைகள் முதல் நாளோடு கணக்கை முடித்துக்கொள்கின்றன. இருமும்போதும் நடக்கும்போதும், முதல் இரவு கடந்த பிறகும் எப்படி இருந்தது என்று கேட்டால் திறந்த அறுவையில் எபிடூரலே முந்துகிறது.

குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக்கையும் இரெக்டர் ஸ்பைனே பிளாக்கையும் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். முன்னது 2007-இல் பிளாங்கோ முன்வைத்தது. டேப் பிளாக்கைவிடப் பின்னால், ஆழத்தில் போட்டு, மருந்து தண்டுவடத்தின் பக்கவாட்டுக்குப் பரவினால் உள்ளுறுப்பு வலியும் குறையும் என்ற எதிர்பார்ப்பு. பின்னது 2016-இல் கனடாவிலிருந்து ஃபொரேரோவும் குழுவினரும் எழுதியது. முதுகுத் தசைக்கு அடியில், முள்ளெலும்பின் பக்க முளையின்மீது மருந்தை வைப்பது. போடுவதற்கு எளிது, ஊசி முனை நுரையீரலுக்கும் தண்டுவடத்துக்கும் எட்டத்தில் நிற்கிறது. ஆனால் இரண்டிலும் மருந்து எங்கே போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு அற்புதமாக அமைந்தது அடுத்தவருக்கு முதுகை மட்டும் மரக்கவைத்துவிட்டு நின்றுவிடும். குவாட்ரேட்டஸ் பிளாக்கில் சிலருக்குத் தொடை வலுவிழப்பதும் உண்டு. ஆழமான இடம் என்பதால் ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களிடம் எபிடூரலுக்குக் காட்டும் எச்சரிக்கையே இதற்கும் வேண்டும். எபிடூரல் போடமுடியாத இடத்தில் இவற்றைப் போடுவேன். எபிடூரலுக்குச் சமம் என்று நோயாளியிடம் சொல்லிப் போடமாட்டேன்.

உங்களிடம் யாரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. இடுப்புப் பகுதியில் மெல்லிய ஊசியால் தண்டுவட நீருக்குள் 100 முதல் 300 மைக்ரோகிராம் மார்ஃபினை ஒரே ஒருமுறை வைப்பது. குழாய் இல்லை, பம்ப் இல்லை, ரத்த அழுத்தச் சரிவு குறைவு, பலன் ஏறத்தாழ ஒரு நாள். உள்ளுறுப்பு வலியையும் சேர்த்தே அடக்கும். பதிலுக்கு உடம்பு அரிக்கும், குமட்டும். பல மணி நேரம் கழித்து மூச்சு மெதுவாவது அரிதாக நேரும் என்பதால் முதல் 24 மணி நேரமும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் செவிலியர் வேண்டும். பதப்படுத்தும் பொருள் கலக்காத மார்ஃபினே இதற்கு ஏற்றது. எல்லா மருத்துவமனைகளிலும் அது கையிருப்பில் இருப்பதில்லை.

எந்த அறுவை என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறுகிறது. லேப்ராஸ்கோப்பி வழியாகக் குடல் அறுவை என்றால் எபிடூரல் தேவையில்லை. 2011-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் எபிடூரல் வைத்தவர்கள், தண்டுவட ஊசியோ மார்ஃபின் பம்ப்போ பெற்ற மற்ற இரு பிரிவினரைவிட ஏறத்தாழ ஒரு நாள் கூடுதலாக மருத்துவமனையில் தங்கினார்கள். அங்கே டேப் பிளாக்கோ தண்டுவட மார்ஃபினோ போதும். கல்லீரலில் பெரும்பகுதியை வெட்டியெடுத்தால் அடுத்த சில நாள்களுக்கு ரத்தம் உறையும் திறன் குறைந்து, கதீட்டரை எடுக்கமுடியாமல் காத்திருக்க நேரும். ஆகவே அங்கே தண்டுவட மார்ஃபினையும் சுவர்க் கதீட்டரையும் பலர் விரும்புகிறார்கள். இதற்கு நேரெதிர், வயிற்றறை உறையையே உரித்தெடுத்துச் சூடான கீமோதெரபி மருந்தால் கழுவும் அறுவை. நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்புவரை கீறல், உள்ளே உறை முழுக்கப் புண். அந்த வலிக்குச் சுவர் பிளாக் எட்டாது. ரத்தத் தட்டணுக்களும் உறைதலும் சரியாக இருக்கும்வரை எபிடூரல்தான்.

பிளாக் போட்டால் புற்றுநோய் திரும்பி வராதா என்றும் சிலர் கேட்பதுண்டு. மார்ஃபின் வகை மருந்துகளும் அறுவையின் அழுத்தமும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும், பிளாக் அதைக் காக்கும் என்பது 2006 வாக்கில் வலுத்த கருத்து. பிறகு மாஸ்டர் ஆய்வில் இருந்த புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2011-இலும், மார்பகப் புற்றுநோயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2019-இலும் வெளியான முடிவுகள் வேறுபாடு இல்லை என்றன. வலிக்காகப் பிளாக் போடுங்கள், புற்றுநோய்க்காக அல்ல.

இனி உங்கள் தந்தை. திறந்த நடுக்கீறல், பீடி பிடித்த நுரையீரல் ஆகிய இரண்டும் எபிடூரலின் பக்கம் நிற்கின்றன. ஆஸ்பிரின் மட்டும் என்றால் அது எபிடூரலுக்குத் தடையில்லை. ரத்தம் உறைவதைக் குறைக்கும் க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் உண்டா என்று மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்குச் சில நாள்கள் இடைவெளி வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கும். ஆயுளுக்கும் முதுகுவலி என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: "அறுவை முடிந்து வார்டுக்கு வந்தபிறகு, இரவு 2 மணிக்கு எபிடூரல் வேலை செய்யவில்லை என்றால் யார் வந்து பார்ப்பார்கள்?" அதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் எபிடூரலைத் தேர்ந்தெடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், கவனிப்பாரற்ற எபிடூரலைவிட, ரெக்டஸ் ஷீத் கதீட்டரும் தேவைக்கு மார்ஃபினும் அவருக்கு மேல்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளிலிருந்தே பாராசிட்டமால் நேரம் தவறாமல் போகவேண்டும். வலி வந்தபின் கேட்டு வாங்குவதல்ல. வீக்கம் குறைக்கும் மாத்திரைகளைக் குடல் தையல் காரணமாகச் சில அறுவை மருத்துவர்கள் விரும்புவதில்லை. அதை அவரிடமே விட்டுவிடுங்கள். பிற்பகல் 2 மணிக்குப் போட்ட டேப் பிளாக் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் விட்டுப்போகும். ஆகவே ஒருமுறை பிளாக் மட்டும் போட்டிருந்தால் இரவு 10 மணிக்கே அடுத்த வலிமருந்து போயிற்றா என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சிறிய, கெட்டியான தலையணையையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்; இருமும்போது கீறலின்மேல் அதை அணைத்துக்கொள்ள, அறுவைக்கு முந்தின நாளே அவருக்குப் பழக்கிவிடலாம்.